மேனேஜரின் முதுகு

அந்த நாய் பதினோரு வருஷம் உயிரோடு இருந்தது. அதில் ஒன்பது வருஷம் அதைக் குளிப்பாட்டியது, உண்ணி எடுத்தது, மாத்திரையை வாய்க்குள் தள்ளி மூக்கைப் பொத்திப் பிடித்தது எல்லாம் சின்னவள்தான். பெரியவள் செய்தது ஒன்றே ஒன்று. பெயர் வைத்தாள். கேட் அருகே உட்கார்ந்துகொண்டு, வருகிறவர் போகிறவர் பையையெல்லாம் மோந்து பார்த்து அனுப்பியதால் 'மேனேஜர்' என்று வைத்தாள். வைத்த இரண்டாம் வருஷம் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். ஆனாலும் நாய் செத்த செய்தி கேட்டுப் போனில் விக்கி விக்கி அழுதவள் அவள்தான். அம்மாவும் அப்பாவும் மாற்றி மாற்றி அவளைத் தேற்றினார்கள். சின்னவள் அழவில்லை. அந்த நேரத்தில் அவள் கொல்லையில் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். அழுகிறவளுக்கு ஆறுதல், தோண்டுகிறவளுக்கு மண்வெட்டி.

நாய் போன மறு வருஷம் முற்றத்து மகோகனி மரம் பக்கத்து வீட்டுச் சுவர் மேல் சாய ஆரம்பித்தது. வேறு வழியில்லாமல் வெட்டினார்கள். அடிமரத்தில் இடுப்புயரத்துக்கு ஒரு துண்டை மட்டும் அப்பா விறகுக்காரரிடம் கொடுக்கவில்லை. மேனேஜர் அடியில் படுத்துக் கிடந்த மரம் என்று நிறுத்தி வைத்துக்கொண்டார். அவர் லிப்ட் பழுது பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எதையும் சட்டென்று தூக்கிப் போட மாட்டார்.

அந்த வாரமே பெரியவளிடமிருந்து போன் வந்தது. அப்பா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"அப்பா, அந்தக் கட்டையில நம்ம மேனேஜரைச் செதுக்கித் தாங்கப்பா. செயின்சா ரம்பத்தாலயே சிலை செதுக்குறவங்க இருக்காங்க. புது வீட்டு வாசல்ல உட்கார வைக்கணும்."

"ஆகட்டும்மா. உனக்கில்லாததா?" என்றார் அப்பா.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்த சின்னவள் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டாள். உனக்கில்லாததா! ஒன்பது வருஷம் உண்ணி எடுத்தவள் எதிரே உட்கார்ந்திருக்கிறாள், அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அம்மாவுக்கு மட்டும் கண் இருந்தது. "ஏண்டி முகத்தை இப்படித் தூக்கி வச்சிருக்கே? மிச்சக் கட்டை கிடக்கும்ல, உனக்கு ஒரு பூனை செதுக்கச் சொல்லவா?"

"பூனை யாருக்கு வேணும்?"

"அப்ப என்னதான் வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம்."

வேண்டும் என்று அன்றைக்கே வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். ஆனால் தன்னுடையதைத் தானே போய்க் கேட்டு வாங்குவதா என்று அவளுக்கு ஒரு வீம்பு. வீம்பு பிடித்தவளுக்கு வயிற்றெரிச்சல்தான் மிச்சம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செதுக்குகிறவர் வந்தார். ஆண் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். வேனிலிருந்து இறங்கியது நாற்பது வயதுள்ள, தோள் அகன்ற ஒரு பெண். இருபது வருஷம் ரம்பச் சத்தத்தில் இருந்ததால் அவருக்குக் காது பாதிதான் கேட்கும். அதற்கு ஈடாக வாய் இரண்டு மடங்கு. 'நல்லா இருக்கீங்களா' என்பதையே தீப்பிடித்த வீட்டின் முன் நின்று கூவுவது போலத்தான் கேட்பார். ரம்பக்காரம்மா என்று அம்மா அன்றைக்கே பெயர் வைத்துவிட்டாள்.

"கட்டையில ஆணி ஏதாவது அடிச்சிருக்கீங்களா?" என்று கத்தினார்.

"எங்க வீட்டு மரத்துல யாரு ஆணி அடிப்பாங்க?" என்றார் அப்பா, கொஞ்சம் ரோஷத்தோடு.

ரம்பக்காரம்மா பையிலிருந்து உலோகம் காட்டும் கருவியை எடுத்துக் கட்டையைச் சுற்றித் தடவினார். ஓரிடத்தில் அது கீச்சென்று கத்தியது. உளியால் தோண்டினால், என்றைக்கோ துணிக்கொடி கட்ட அப்பாவே அடித்த ஆணி. மரம் அதை முழுசாக விழுங்கியிருந்தது.

"இதுக்குத்தான் கேட்கிறேன்." அவர் இடது கையை நீட்டிக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு தழும்பு ரயில் பாதை மாதிரி ஓடியது. "ஒரு கட்டைக்குள்ள கம்பி இருந்துச்சு. சொந்தக்காரருக்குத் தெரியும், சொல்லல. செயின் பட்டதும் ரம்பம் எகிறிடுச்சு. மரத்துக்குள்ள இரும்பு இருந்தா அது மரமில்ல, வெடிகுண்டு."

பிறகு படம் வரைய உட்கார்ந்தார். முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. பெரியவள் வீடியோவில் இருந்தாள்.

"காது ரெண்டும் விறைப்பா நிக்கணும்," என்றாள் பெரியவள்.

"நிக்காது," என்றாள் சின்னவள். பேசவே கூடாது என்றுதான் ஓரமாக நின்றிருந்தாள், வாய் அடங்கவில்லை. "இடது காது மடிஞ்சிருக்கும். மூணாவது வயசுல பூனை கிழிச்சது."

"எனக்கு அப்படி ஞாபகம் இல்லையே."

"நீ இருந்தாத்தானே?"

அப்பா இருமினார். ரம்பக்காரம்மாவுக்கு இந்த உரசல் எதுவும் காதில் விழவில்லை. அல்லது விழாத மாதிரி இருந்தார். "நாயைத் தெரிஞ்ச ஆள் நீங்கதானா தங்கச்சி? இப்படி வாங்க. உட்காரும்போது எந்தப் பக்கம் சாயும்?"

வலது பக்கம் சாயும். முன்கால் ஒன்று உள்பக்கம் திரும்பியிருக்கும். மார்பில் மட்டும் ஒரு கை அகலத்துக்கு வெள்ளை. சின்னவள் சொல்லச் சொல்ல, காகிதத்தில் மேனேஜர் எழுந்து உட்கார்ந்தது. கடைசிக் கோடு விழுந்ததும்தான் அவளுக்கு உறைத்தது. இத்தனை நேரம் பார்த்துப் பார்த்துச் சொன்னதெல்லாம் அக்காவின் வாசலுக்கு. தன் கையாலேயே தாரை வார்த்தாயிற்று.

"ஏண்டி, மேனேஜரோட கழுத்துப்பட்டை இருக்கா?" என்று வீடியோவிலிருந்து கேட்டாள் பெரியவள். "அதையும் மாட்டிட்டா அசலாவே இருக்கும்."

"தொலைஞ்சு போச்சு," என்றாள் சின்னவள். யோசிக்கக்கூட இல்லை. பட்டை அவள் அலமாரியில், துணிகளுக்கு அடியில், ஒரு காலி பிஸ்கட் டப்பாவில் இருந்தது.

மூன்று வாரத்தில் சிலை முடிந்தது. கறுப்பு நாய் என்பதால் உடம்பு முழுவதையும் கேஸ் பர்னரால் கருக்கி, பிரஷ் போட்டுத் தேய்த்து, மார்பில் மட்டும் மரத்தின் சொந்த நிறத்தை விட்டிருந்தார் ரம்பக்காரம்மா. வேனிலிருந்து இறக்கும்போது எதிர்வீட்டுக்காரர், "அட, செத்துப்போன நாய் கால் டாக்ஸியில வருது பாரு," என்றார். அம்மா வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டு அழுதாள்.

சின்னவள் மட்டும் வெளியே வரவில்லை. அடுக்களையில் நின்று, உள்ளே ஒன்றுமே போடாத மிக்ஸியை ஓட்டிக்கொண்டிருந்தாள். வெளியே ரம்பக்காரம்மா சிலையைப் பராமரிக்கும் விதத்தைத் தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார். கேட்கக் கூடாது என்று முடிவு செய்த ஒருத்தி காதில் மட்டும் அது விழவில்லை.

அப்பா அத்தனையையும் ஒரு அட்டையில் எழுதி வராந்தாவில் மாட்டினார். பச்சை மரம். ஆறு மாதமாவது நிழலில், காற்றோட்டத்தில் காய வேண்டும். அதற்குள் பெரியவளின் ஏசி வீட்டுக்குள் கொண்டுபோனால் படீரென்று வெடிக்கும். தரையில் படக் கூடாது. இரண்டு சட்டங்களின் மேல் நிற்க வேண்டும். வாரம் ஒருமுறை கால்வட்டம் திருப்ப வேண்டும். மாதம் ஒருமுறை ஆளிவிதை எண்ணெய். வார்னிஷ் கூடாது. பொடி உதிர்ந்தால் பூச்சி. உடனே சொல்ல வேண்டும்.

அப்பாவுக்கு முழங்கால் வலி. அம்மாவுக்கு எண்ணெய் வாடை ஆகாது. ஆகவே வேலை யார் தலையில் விழுந்தது என்று சொல்லத் தேவையில்லை. உயிரோடிருந்தபோது பார்த்துக்கொண்டவளே மரமான பிறகும் பார்த்துக்கொண்டாள். இந்த முறை அடுத்தவளுக்காக.

அவள் வேலை செய்தது பல்செட் செய்யும் கூடத்தில். மெழுகில் ஈறு வார்ப்பது, பல் பதிப்பது, பிசின் ஊற்றுவது. ஊரில் பாதிப் பேர் சிரிப்பது தன் தயவில் என்று தோழிகளிடம் சொல்லிக்கொள்வாள். எதையும் அளந்து எழுதும் பழக்கம் அங்கே வந்தது. அதனால் மரநாய்க்கும் ஒரு நோட்டுப் போட்டாள். தேதி, எண்ணெய் எத்தனை மூடி, எந்தத் திசை நோக்கித் திருப்பியது. முதல் மாதமே ஒரு விஷயம் கண்ணில் பட்டது. நாயின் முதுகில், கழுத்திலிருந்து வால் வரை, நேர்கோடாக ஒரு வெட்டு. நான்கு விரல் ஆழம். அகலம் எட்டு மில்லிமீட்டர்.

'ரம்பம் வழுக்கியிருக்கிறது' என்று எழுதிக்கொண்டாள். முன்பக்கம் அழகாக இருந்தால் போதும், பின்னால் யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டிருக்கிறார் போல.

இரண்டாம் மாதம் ஒன்பதரை. மூன்றாம் மாதம் பதினொன்று.

அக்காவின் நாய் முதுகில் பிளந்துகொண்டு வந்தது. உள்ளதைச் சொன்னால் அவளுக்கு மகிழ்ச்சிதான். சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்பே வராந்தாவில் குனிந்து அளவுகோலை வைப்பாள். அம்மா பார்த்துவிட்டு, "எவ்வளவு பாசம் பாருங்க இவளுக்கு!" என்று அப்பாவிடம் சொன்னாள். அதைக் கேட்டபோது சின்னவளுக்கு உடம்பு கூசியது. ஆனாலும் மறுநாள் அளந்தாள்.

அப்புறம் ஒரு நாள் பெரியவள் போனில் சொன்னாள், "நீ நல்லாப் பாத்துக்கிறியாமே, ரொம்ப தேங்க்ஸ்டி. பித்தளைத் தகடு ஒண்ணு செய்யச் சொல்லியிருக்கேன். 'எங்கள் மேனேஜர் - அப்பாவின் அன்பளிப்பு'னு. அடியில பதிக்கலாம்."

எங்கள் மேனேஜர். அப்பாவின் அன்பளிப்பு. எண்ணெய் தேய்த்தவள் அந்தத் தகட்டில் எங்கே இருக்கிறாள்? கல்யாண வீட்டில் மிச்சமான நாற்காலி போல ஒரு மூலையில்கூட இல்லை.

அந்தச் சனிக்கிழமை அப்பாவும் அம்மாவும் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தார்கள். சின்னவள் பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். தோல் பட்டை, இரும்புக் கொக்கி, 'மேனேஜர்' என்று பொறித்த சின்ன வில்லை, அதன் பின்பக்கம் அவளுடைய போன் நம்பர். பட்டையை மோந்து பார்த்தாள். இன்னும் நாயாகத்தான் இருந்தது. முதுகு வெட்டுக்குள் அதை நெடுக்காக விட்டு, மெழுகுக் கத்தியால் அடிவரை தள்ளினாள். மரத்தூளைப் பிசினில் குழைத்து, பல் வார்ப்பது போலவே அடுக்கடுக்காக, ஒவ்வொரு அடுக்கும் இறுகிய பிறகு அடுத்ததாக, அழுத்தி அடைத்தாள். மேல் அடுக்கில் கரித்தூள் கலந்தாள். காய்ந்ததும் தேய்த்து எண்ணெய் போட்டாள். விரலால் தடவினால்கூடத் தெரியவில்லை.

பின்னால் நகர்ந்து நின்று பார்த்தாள். அவள் செய்ததிலேயே நேர்த்தியான வேலை அதுதான். யாரிடமும் சொல்லிப் பெருமைப்பட முடியாது. அக்கா வாசலில் உட்கார்ந்திருக்கட்டும். என்ன தகடு வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளட்டும். உள்ளே இருப்பது என் நம்பர்.

ஒரு மாதம் அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

ஐந்தாம் மாத எண்ணெய்க்குத் துணியை நனைத்துக்கொண்டு முகத்தைத் துடைத்தபோது, நெற்றியில் ஒரு மயிரிழைக் கோடு தெரிந்தது. மறு வாரம் அது புருவங்களுக்கு நடுவே இறங்கியது. அதற்கடுத்த வாரம் மூக்கு வரை. அகலம் மூன்று மில்லிமீட்டர். காலைக் காபி குடித்துக்கொண்டிருந்த அப்பா பார்த்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்தார்.

"முகத்துல பிளக்காதுன்னு அந்தம்மா சத்தியம் பண்ணாத குறையாச் சொன்னாங்களே! வரட்டும், நறுக்குன்னு கேட்கிறேன்."

முகத்தில் பிளக்காது என்று எப்படிச் சொன்னார்? சின்னவளுக்குப் புரியவில்லை.

ஆறாம் மாதம் முடிந்த ஞாயிறன்று பெரியவள் சிலையை ஏற்றிப்போக வேன் எடுத்துக்கொண்டு வந்தாள். அப்பா ரம்பக்காரம்மாவையும் வரச் சொல்லியிருந்தார். பெரியவள் வராந்தாவுக்கு வந்து, மேனேஜரின் முன் குந்தி, நெற்றிப் பிளவில் விரல் வைத்தாள். மடிந்த இடது காதைத் தடவினாள். சின்னவள் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுதான் உங்க வேலையா?" என்று அப்பா ஆரம்பித்தார். "முதுகுல வெட்டு விட்டிருக்கேன், மரம் காயும்போது எங்கேயாவது பிளந்தே தீரும், அது அந்த வெட்டு வழியா பிளந்துக்கும், முகத்துக்கு வராதுன்னு சொன்னீங்களா இல்லையா?"

சின்னவளுக்குக் காதில் மிக்ஸி ஓடியது.

வழுக்கின ரம்பம் இல்லை. வழி. மரம் மூச்சு விட விட்ட வழியைத்தான் அவள் பிசின் போட்டு அடைத்திருக்கிறாள். அப்பா அதை ஏன் அட்டையில் எழுதவில்லை? செய்ய வேண்டியதை மட்டும்தான் அவர் எழுதுவார். அந்த வெட்டைச் சும்மா விட வேண்டும். சும்மா விடுவதை யார் எழுதி வைப்பார்கள்?

"திருப்புங்க," என்றார் ரம்பக்காரம்மா.

பெரியவளும் ரம்பக்காரம்மாவும் சேர்ந்து திருப்பினார்கள். முதுகு மழமழவென்று இருந்தது.

"வெட்டைக் காணோமே!" என்றார் அப்பா. "தானா கூடிடுச்சோ? புண்ணு ஆறுற மாதிரி?"

"மரத்துக்குத் தையல் போட்டா அனுப்பினீங்க?" என்றாள் அம்மா.

ரம்பக்காரம்மா கட்டை விரலால் கழுத்திலிருந்து வால் வரை தடவினார். நகத்தால் ஒரு இடத்தைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். "பிசின். யாரோ அடைச்சிருக்காங்க. நல்ல கை. எனக்கே இப்படி வராது." எல்லோரையும் சுற்றிப் பார்த்தார். "யாரு?"

பெரியவளின் பார்வை ஒரு நொடி தங்கையிடம் நின்று விலகியது.

"சரி, யாரா இருந்தா என்ன. வெட்டைத் திறந்து விட்டா முகத்துப் பிளவு இத்தோட நிக்கும். மூடாது, ஆனா வளராது." வேனிலிருந்து ரம்பத்தை எடுத்து வந்தார். "உள்ள வேற எதுவும் இல்லையே? நான் செதுக்குன மரம், நானே சோதிச்சது. கருவி கொண்டு வரல."

"பிசின் மட்டும்தான் இருக்கும்," என்றார் அப்பா.

சின்னவள் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் மூன்றும் ஒன்றாக வெளியே வரும். அடைத்தது, ஒளித்தது, தொலைந்துபோனதாகச் சொன்ன பொய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் இவள்தான் என்று அக்காவின் எதிரே, அதுவும் அக்காவின் எதிரே, தெரிந்துபோகும். ஒருவேளை பட்டை ஆழத்தில் இருந்தால்? ஒருவேளை ரம்பம் அவ்வளவு தூரம் இறங்காவிட்டால்?

ரம்பக்காரம்மா காதுக் கவசத்தை மாட்டினார். முகத் திரையை இறக்கினார். கயிற்றை இழுத்தார். சட்டைக் கை மேலேறி, ரயில் பாதைத் தழும்பு தெரிந்தது.

"இரும்பு!" என்று கத்தினாள் சின்னவள். ரம்பத்தின் உறுமலில் அது அவளுக்கே கேட்கவில்லை. ரம்பம் ஓட்டுகிறவரைப் பின்னாலிருந்து தொடக் கூடாது. தொட்டால் கை எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. அவள் எதிர்ப்பக்கமாக ஓடி, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டு, "பட்டை உள்ள இருக்கு! மேனேஜரோட கழுத்துப்பட்டையை நான்தான் உள்ள வச்சு அடைச்சேன்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். பாதி வாக்கியத்திலேயே ரம்பக்காரம்மா அவளைப் பார்த்து ரம்பத்தை நிறுத்திவிட்டார். ஆகவே மீதிப் பாதி, பேரமைதியில், தெருக் கோடி வரை கேட்டது.

எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது.

ரம்பக்காரம்மா ரம்பத்தை மெதுவாகத் தரையில் வைத்தார். திரையைத் தூக்கினார். முதன்முறையாக, கத்தாமல் பேசினார். "இரும்பா?"

"கொக்கி இரும்பு."

"உங்க வீட்டுச் சண்டையில எனக்கு இன்னொரு கையும் போயிருக்கும், தெரியுமா?"

சின்னவள் தலையாட்டினாள். அப்போதுதான் அழுகை வந்தது. நாய் செத்த அன்றைக்கு வர வேண்டியது, ஒன்றரை வருஷம் தாமதமாக.

"அழுதுட்டு வாங்க," என்றார் ரம்பக்காரம்மா. "உள்ள இரும்பு இருக்கிறதை நான் தொட மாட்டேன். அடைச்ச கைதான் தோண்டணும்."

சின்னவள் பல்செட் கூடத்துக் கருவிப் பையைக் கொண்டுவந்து, சாக்கு விரித்து மரநாயின் பின்னால் உட்கார்ந்தாள். கொக்கி, சுரண்டி, சின்ன அரம். அடுக்கடுக்காகப் போட்டதை அடுக்கடுக்காகவே எடுக்க வேண்டியிருந்தது. அப்பா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா ரம்பக்காரம்மாவுக்குக் காபி கொடுத்தாள். இரண்டு பேரும் முழங்கால் வலியைப் பற்றிக் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெரியவள் ஒரு முக்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்து, போன் வெளிச்சத்தை வெட்டுக்குள் அடித்தாள்.

முதல் அடுக்கு தூளாக உதிர்ந்தது.

"தொலைஞ்சு போச்சுன்னு சொன்னே," என்றாள் பெரியவள்.

"ம்."

"அப்பவே நினைச்சேன். நீ ஒரு ஹேர்பின்னைக்கூடத் தொலைச்சதில்ல."

சின்னவள் ஊதித் தூளை அகற்றினாள்.

"நாய் எனக்கு வேணும்னு கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா குடுத்திருப்பியா?"

பெரியவள் யோசித்தாள். "மாட்டேன்."

"அப்புறம் என்ன?"

"உனக்கு ஒம்போது வருஷம் இருந்துச்சுடி. எனக்கு ரெண்டு. போன் பண்ணாலே அவளும் மேனேஜரும் அங்க போனாங்க, அவளும் மேனேஜரும் இதைப் பண்ணாங்கன்னு அப்பா அதேதான் சொல்லுவாரு. எனக்குன்னு ஒண்ணு இருக்கட்டுமேன்னுதான் கேட்டேன்." வெளிச்சம் கொஞ்சம் ஆடியது. "அதையும் நாசமாக்கிட்ட."

"வெளிச்சத்தை ஆட்டாத."

"அதிகாரத்துக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல."

மூன்று மணி நேரம் கழித்துப் பட்டையின் கொக்கி தட்டுப்பட்டது. பட்டையை முழுசாக இழுத்தபோது வெட்டுக்குள்ளிருந்து நாய் வாடையும் பிசின் வாடையும் கலந்து வந்தது. பெரியவள் கையை நீட்டி வாங்கினாள். வில்லையைத் திருப்பி நம்பரைப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். அதை அவள் அவ்வளவு நேரம் மோந்தது சின்னவளுக்குப் பிடிக்கவில்லை. அந்த நிலையிலும் பிடிக்கவில்லை.

ரம்பக்காரம்மா ரம்பத்தை எடுத்து வெட்டை வால் வரை திறந்துவிட்டார். முகத்துப் பிளவு அப்படியேதான் இருந்தது. பெரியவள் நாயைத் தன்னோடுதான் எடுத்துப் போனாள். வேன் கிளம்பும்போது ஜன்னல் வழியாகப் பட்டையைத் தங்கையை நோக்கி எறிந்தாள்.

"பட்டை யார் கையில இருக்கோ அவங்கதான் நாயைப் பாத்துக்கணும். மாசம் பொறந்தா வந்து எண்ணெய் தேய். ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை பேசாத, கோபம் இன்னும் போகல."

அடுத்த மாதம் முதல் ஞாயிறு சின்னவள் இரண்டு பஸ் மாறி அக்கா வீட்டுக்குப் போனாள். பையில் எண்ணெய், துணி, அளவுகோல், நோட்டு. அடுக்குமாடி வாசலில், லிப்டுக்கு எதிரே, மேனேஜர் வலது பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. நெற்றிப் பிளவால் ஏதோ கணக்குத் தவறிய மேனேஜர் மாதிரிதான் இருந்தது. அடியில் தகடு இல்லை. ஆனால் தலை உச்சியில், கரி நிறம் தேய்ந்து, உள்ளங்கை அளவுக்கு ஒரு இடம் பளபளத்தது. வருகிறவர் போகிறவரெல்லாம் தடவிப் பார்த்திருக்கிறார்கள். அக்காதான் அதிகம் தடவியிருப்பாள்.

சின்னவளுக்குச் சுருக்கென்றது. தலையைத்தான் முதலில் துடைத்தாள்; ஏனென்றால் அங்கேதான் கரி போயிருந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பின்பக்கம் போய் வெட்டில் அளவுகோலை வைத்தாள். பதினாலு. திறந்து கிடந்தது, விரல் நுழைந்தது. முன்னால் வந்து புருவத்துப் பிளவை அளந்தாள்.

கதவைத் திறந்துகொண்டு பெரியவள் இரண்டு கப்போடு வந்தாள். ஒன்றைத் தரையில் வைத்தாள், தங்கையின் கைக்கு எட்டும் தூரத்தில், கையில் கொடுக்கவில்லை.

"எவ்வளவு?"

"மூணு."

"கூடியிருக்கா?"

"இல்ல," என்றாள் சின்னவள், எழுதிக்கொண்டே. "கூடவும் இல்ல, குறையவும் இல்ல."